கேள்வி நாளில் பிரேக் ஃபின்லே

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், மேற்குக் கரையில், ஆர்டவிக் கிராமத்தில், ஃபின்லே என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் குடும்பப் பெயரும் ஒன்றே. தபால்காரர் பைத்தியமாகிவிடக் கூடாதே என்று ஊர் ஆளுக்கொரு அடைமொழி கொடுத்திருந்தது. கறுப்பு ஃபின்லே, கோழி ஃபின்லே, கனடாவுக்குப் பிழைக்கப் போய் மூன்றே வாரத்தில் திரும்பி வந்த கனடா ஃபின்லே. நான்காமவனின் அடைமொழியைப் பெண்கள் இருக்கும்போது சொல்ல மாட்டார்கள். ஐந்தாமவன்தான் நம் ஆள், பிரேக் ஃபின்லே. பட்டணத்துக்குப் போய்வரும் பேருந்தை ஓட்டுகிறவன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிமூட்டக் காலையில், மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் சாலையில், அந்தப் பேருந்தின் பிரேக் பிடிக்காமல் போனது. உள்ளே பதினோரு பயணிகள், சந்தைக்குப் போகும் இரண்டு செம்மறிக் கடாக்கள். அப்போதுதான் தன் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதை ஃபின்லே உணர்ந்தான். குரல் இல்லை, ஒளி இல்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பேருந்து ஒரு சதுப்பில் இறங்கி, மெத்தையில் படுக்கிற மாதிரி நின்றது. யாருக்கும் காயமில்லை. கடாக்களில் ஒன்றுக்கு மட்டும் சுபாவம் நிரந்தரமாக மாறிவிட்டது. அதே வருஷம் ஃபின்லே சபை மூப்பர்கள் முன்னால் போய் நின்று, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துப் பந்தியில் இடம் வாங்கினான். பக்கத்தில் உட்கார்ந்தவர் அதன் பிறகும் எழுந்து போகவில்லை. பதினேழு வருஷம் கூடவே இருந்தார்.

போன ஜூன் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பின் சக்கரத்தின் ஐந்தாவது நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவர் இல்லை.

காரணம் என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. வீட்டில் சாவு இல்லை, நோய் இல்லை. புதிதாக ஏதாவது பாவம் செய்துவிட்டோமா என்று ஃபின்லே தேடிப் பார்த்தான். அகப்பட்டவை எல்லாம் பழையவை. அவற்றோடுதானே அவர் இத்தனை காலம் குடியிருந்தார்? யாரிடமும் சொல்லாமல், காலையும் மாலையும் வீட்டு ஜெபத்தை முன்போலவே நடத்தினான். பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறக்கும்போது, மூச்சுக்குள், "இருக்கீரா?" என்று கேட்டுக்கொண்டான். ஒருமுறை படியேறிக்கொண்டிருந்த ஷோனா அக்கா, "இருக்கேன்ப்பா, நான் எங்க போகப்போறேன்" என்று பதில் சொன்னாள். ஒன்பது மாதத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பதில் அது.

திருவிருந்துக் காலம் வருஷத்துக்கு இரண்டு, செப்டம்பரில் ஒன்று, மார்ச் மாதக் கடைசியில் ஒன்று. மார்ச் மாதத்தது வந்தது. வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள் ஊரில் வேறு வேலை கிடையாது. தீவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்து வீடுவீடாகத் தங்குவார்கள். ஃபின்லே வீட்டில் பதினான்கு பேர். அவர்களில் தென்பக்கத்து ஆங்கஸ், வருஷம் தவறாமல் வருகிறவன். இந்த முறை ஸ்கை தீவிலிருந்து ஒரு பெரியவரையும் கூட்டி வந்திருந்தான்.

"இவரு ரெண்டு படகு மாறி வந்திருக்காருப்பா" என்றான் ஆங்கஸ், சூப்புக் கிண்ணத்துக்கு மேலிருந்து. "உன் பிரேக் கதையக் கேக்கத்தான். நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கிறாரு. உன் வாயால வரணுமாம்."

ஸ்கைக்காரர் ஃபின்லேயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடவில்லை.

வெள்ளிக்கிழமை கேள்வி நாள். அன்று வந்தவர்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வியை வைப்பார். ஆண்டவருடைய மெய்யான பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சுற்றித்தான் அது எப்போதும் இருக்கும். போதகர் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவன் எழுந்து, தான் அனுபவித்த அடையாளங்களைச் சொல்ல வேண்டும். பதினேழு வருஷமாக ஃபின்லே கூப்பிடப்படாத கேள்வி நாள் இல்லை.

அவன் பயந்தது போதகருக்கு அல்ல, கிர்ஸ்டிக்கு. அவன் மனைவி. இருபது வருஷமாகச் சபைக்கு வருகிறாள், ஒரு நாள்கூடப் பந்தியில் உட்கார்ந்ததில்லை. அந்த ஊரில் அது அதிசயமும் இல்லை. எனக்குத் தகுதி இல்லை என்று பின்வரிசையிலேயே இருந்து செத்துப்போகிறவர்கள்தான் அதிகம். ஜனவரியில் ஒருநாள், உப்பு ஹெரிங் மீனையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்தபடி கிர்ஸ்டி சொன்னாள்:

"இந்தத் தடவ நான் மூப்பருங்க முன்னாடி போகப்போறேன்."

"என்ன திடீர்னு?"

"எல்லாம் உன்னப் பாத்துத்தான். உனக்கு இருக்கிற நிச்சயத்துல கொஞ்சமாவது எனக்கும் ஒட்டியிருக்காதா?"

வாயில் இருந்த உருளைக்கிழங்கை ஃபின்லேயால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சனிக்கிழமை மதியம் அவள் மூப்பர்கள் முன்னால் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை இவன் உண்மையைச் சொன்னால் அவள் பின்வரிசைக்கே திரும்பிவிடுவாள். சொல்லாவிட்டால், ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்து வருவாள்.

வெள்ளிக்கிழமை சபையின் வாசலில் மூப்பர் டோர்மட் நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், வயது எழுபது. ஊரில் சிரிக்க அனுமதி உள்ள ஒரே மூப்பர்.

"என்னடா பிரேக், இன்னிக்கு எத்தன கடா?"

"என்ன கேக்கறீங்க?"

"போன செப்டம்பர்ல மூணு கடான்னு சொன்னியே. அதுக்கு முன்னாடி பதினேழு வருஷம் ரெண்டுதான் இருந்துது. இப்பிடியே போனா நான் சாகறதுக்குள்ள பஸ்ல மனுஷனுக்கு எடம் இருக்காது போல."

அவர் சிரித்தபடி உள்ளே போய்விட்டார். ஃபின்லே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். மூன்றா? ஆமாம், மூன்று என்றுதான் சொல்லியிருந்தான். செப்டம்பரில், உள்ளே ஒன்றுமே இல்லாமல், வெறும் வாயால் அந்தக் கதையைச் சொன்னபோது, அது எங்கோ சரிந்து விழப்பார்த்தது. முட்டுக்கொடுக்க ஒரு கடாவைச் சேர்த்திருக்கிறான். தனக்கே தெரியாமல். இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படிச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அந்த மூன்றாவது கடா மாதிரி ஆகிவிடுவார் என்று அவனுக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் குளிர்ந்தது. மார்ச் மாதக் காற்றும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம்.

உள்ளே நானூறு பேர், நீண்ட பிரசங்கத்துக்காக வாயில் அடக்கிய நானூறு பெப்பர்மின்ட் மிட்டாய்கள். சங்கீதம் முடிந்தது. போதகர் மெக்ரிச்சி, கேள்வி வைக்க யார் எழுகிறீர்கள் என்று கேட்டார்.

ஸ்கைக்காரர் எழுந்தார்.

"ஆண்டவர் தன் பக்கத்துலயே இருக்காருன்னு அறிஞ்சவனோட அடையாளம் என்னன்னு, இந்த ஊரு சகோதரர்கள் வாயால கேக்க ஆசைப்படறேன்."

இதற்குமேல் பேருந்தின் நம்பரைத்தான் சொல்லவில்லை. நானூறு தலைகளில் பாதி, மரியாதைக்காக மெதுவாக, ஃபின்லே பக்கம் திரும்பின.

போதகர் முதலில் ஆங்கஸைக் கூப்பிட்டார். அடுத்தது கோழி ஃபின்லே. அவன் நாலு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது ஆள் அழுதார். நான்காவது ஆள் பேசிக்கொண்டே இருந்தார். ஃபின்லேக்கு அவரை முதன்முறையாகப் பிடித்தது. இன்னும் பேசட்டும், திங்கட்கிழமை வரை பேசட்டும். மூன்று வரிசை பின்னால் கிர்ஸ்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே அவளுடைய நீலத் தொப்பி எங்கே இருக்கிறது என்று அவன் முதுகுக்குத் தெரிந்தது.

நான்காவது ஆளும் ஒரு வழியாக முடித்தார்.

"பேருந்து ஓட்டுகிற ஃபின்லே" என்றார் போதகர். குரலில் விருந்தின் கடைசிப் பதார்த்தத்தை மூடி திறந்து காட்டுகிறவரின் மகிழ்ச்சி இருந்தது.

ஃபின்லே எழுந்தான். முன்வரிசைப் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு கடாதான்" என்றான்.

யாருக்கும் புரியவில்லை. டோர்மட் மட்டும் தலையைத் தூக்கினார்.

"போன தடவ மூணுன்னு சொன்னேன். அது பொய். ரெண்டுதான். மத்ததெல்லாம் நெஜம். ஆனா இன்னிக்கு நான் அதச் சொல்லப்போறதில்ல. பக்கத்துல இருக்காருன்னு அறிஞ்சவனோட அடையாளத்தக் கேட்டாங்க. எனக்கு அது தெரியாது. போன ஜூன் மாசத்துலேர்ந்து என் பக்கத்துல யாரும் இல்ல. காலைல கூப்பிடறேன், ராத்திரி கூப்பிடறேன், பஸ்ல கூப்பிடறேன். சத்தமே இல்ல. இத மறச்சிட்டு செப்டம்பர்ல உங்களோட பந்தியில உக்காந்தேன். அதனால என்னைய அறிஞ்சவங்க கணக்குல வெக்காதீங்க. அவ்வளவுதான் போதகர் ஐயா."

உட்கார்ந்தான். பெப்பர்மின்ட் சப்பும் சத்தம்கூட நின்றுவிட்டது. இதோ, இப்போது இடி விழும் என்று அவன் காத்திருந்தான்.

முன்வரிசையில் ஒரு கிழவர், "ம்ம்ம்..." என்று நெஞ்சின் அடியிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்த ஊரில் அது மெச்சுதல். அடுத்தவர் விட்டார். பிறகு வரிசை வரிசையாக, கரைக்கு அலை வருவதுபோல, சபை முழுக்கப் பெருமூச்சு வந்தது. ஸ்கைக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

போதகர் முடிவுரை சொன்னார். இருபத்தைந்து நிமிஷம். அறியாதவன் எப்படி ஏங்குவான் என்று கேட்டார். இந்தச் சகோதரனின் ஏக்கத்தை எடைபோட நம்மிடம் தராசு உண்டா என்று கேட்டார். தன் முப்பது வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு அடையாளத்தைக் கேட்டதில்லை என்றார். ஃபின்லே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். திருடிவிட்டேன் என்று காவல் நிலையத்தில் போய் நின்றவனுக்கு மாலை போட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்?

வெளியே வந்ததும் கையைப் பிடிக்க வரிசை நின்றது.

"பிரேக் கதையெல்லாம் ஒண்ணுமே இல்லப்பா இதுக்கு முன்னாடி" என்றான் ஆங்கஸ்.

"எனக்கு நெஜமாவே ஒண்ணும் இல்லடா, ஆங்கஸ்."

"அதான், அதான்! அந்தச் சொல்லு இருக்கு பாரு, அதத்தான் சொல்றேன்!"

கிர்ஸ்டி வரிசையில் நிற்கவில்லை. வீட்டுக்கு நடந்துவிட்டாள். அன்று முழுக்கப் பதினான்கு பேருக்குப் பரிமாறினாள். அவனிடம் பேசியது ஒரே ஒரு வார்த்தை, "உப்பு." அதுவும் நகர்த்தி வைக்கச் சொல்லி. ஊரிலேயே அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான் என்பது அவனுக்குப் புரிந்தது. அன்று ராத்திரி அவன் வீட்டு ஜெபத்தை நடத்தியபோது பதினான்கு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் மட்டும் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், கத்தியைத் தொடக் கூடாது. அதனால் சனிக்கிழமை காலையே மறுநாளைக்கான உருளைக்கிழங்கு அத்தனையையும் சீவித் தண்ணீரில் போட வேண்டும். கிர்ஸ்டி கொல்லைப்புறத்தில் இரண்டு வாளி சீவிவிட்டு மூன்றாவதில் இருந்தாள். ஃபின்லே இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான்.

"ஒம்பது மாசம்" என்றாள், கிழங்கைப் பார்த்தபடி. "தெனம் ரெண்டு வேள. என்னையும் முட்டி போட வெச்சு. யார்கிட்டடா பேசிட்டிருந்த?"

"அவர்கிட்டத்தான்."

"இல்லேன்னு சொன்னியே."

"பதில் இல்லேன்னு சொன்னேன். வேற யார்கிட்டப் பேசறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நானூறு பேரோட ஒருத்தியா ஒக்காந்து கேக்கணுமா நான்?"

ஃபின்லே தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளினான்.

"அளவாச் சீவு. பன்னிக்கா போடறோம்?" அடுத்த கிழங்கை எடுத்தாள். "ஏன் நிறுத்தல?"

"என்னத்த?"

"ஜெபத்த. பஸ்ல முணுமுணுக்கறத. நீ ஒரு வேலிய ரிப்பேர் பண்ணவே ஆறு வருஷமா யோசிக்கிறவன். ஒண்ணும் வராத எடத்துல ஒம்பது மாசம் ஏன் நின்ன?"

ஃபின்லே கத்தியைக் கீழே வைத்தான். இதை அவன் யோசித்ததில்லை. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னான்.

"அவர் இல்லாதது வலிக்குது, கிர்ஸ்டி. நிறுத்திட்டா கொஞ்ச நாள்ல வலிக்காதுன்னு தெரியும். அதுக்குத்தான் பயம். வலியும் போயிடுச்சுன்னா அப்புறம் அவரப் பத்தி எங்கிட்ட என்ன இருக்கு? மூணு கடாதான் இருக்கும்."

அவள் கடைசிக் கிழங்கை வாளியில் போட்டாள். தண்ணீர் அவன் முகத்தில் தெறித்தது.

"எனக்கு எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல" என்றாள். "இருபது வருஷமா. ஒரு தடவகூட யாரும் வந்து பக்கத்துல உக்காரல. எனக்கும் ஒரு பிரேக் பிடிக்காம போகணும், அப்பத்தான் உள்ள விடுவாங்கன்னு நெனச்சு காத்திருந்தேன்." எழுந்து கையைத் துடைத்தாள். "போ, மொகத்தக் கழுவு. மணி ஆச்சு."

"மூப்பருங்க முன்னாடி போறியா, இல்லியா?"

அவள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த முதுகைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை.

மதிய ஆராதனை முடிந்ததும் பந்திக்கான ஈய வில்லைகளைக் கொடுத்தார்கள். வில்லை இல்லாதவன் ஞாயிற்றுக்கிழமை பந்தியில் உட்கார முடியாது. டோர்மட் அவனுடையதை நீட்டினார்.

"எனக்கு வேண்டாங்க."

"வேண்டாங்கிறவனுக்குத்தான்டா மொதல்ல குடுக்கணும்."

"அப்பச் சரி, வேணும்."

"இந்தா."

இந்த மனிதர்களிடம் தப்பிக்க வழியே இல்லை. வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, கிர்ஸ்டி பக்கவாட்டு அறைக்குள் போவதைப் பார்த்தான். டோர்மட்டும் மற்ற மூப்பர்களும் போதகரும் பின்னால் போனார்கள். கதவு மூடியது.

ஃபின்லே வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்தான். வழக்கமாகப் பத்து நிமிஷ வேலை. பந்திக்கு ஆசைப்படுகிறவரிடம் நாலு கேள்வி கேட்பார்கள், அனுபவத்தைச் சொல்லச் சொல்வார்கள், அனுப்பிவிடுவார்கள். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியில் மழை விழுந்தது. இருபது. "இருக்கீரா?" என்றான். மழைதான் இருந்தது. "எனக்காக இல்ல. எனக்குப் பழகிடுச்சு. அவளுக்கு ஏதாவது குடுத்துத் தொலையும்." இப்படி ஒரு ஜெபத்தை யாரும் பெருமூச்சு விட்டு மெச்ச மாட்டார்கள். முப்பது நிமிஷம். தான் நேற்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூன்று கடாவோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பது.

கதவு திறந்தது. நீலத் தொப்பி மழையில் நேராகப் பேருந்துக்கு வந்தது. அவள் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாள்.

"ஆண்டவரோட பிரசன்னத்த எப்பவாவது உணர்ந்திருக்கியாம்மான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். அடக்கம்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சாங்க. அடக்கமில்ல, நெஜமாவே இல்லேன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கல."

"நான் சொன்னதுக்கு மட்டும் அழுதாங்களே!"

"ஒனக்கு பஸ்ஸு இருந்துது. எங்கிட்ட என்ன இருக்கு, உருளைக்கெழங்கா? ரொம்ப நேரம் அவங்களுக்குள்ளயே பேசினாங்க. என்னைய சுவரப் பாக்க ஒக்கார வெச்சுட்டு. அப்புறம் டோர்மட் கேட்டாரு, அப்ப எதுக்கும்மா வந்தேன்னு."

"என்ன சொன்ன?"

"என் புருஷன் பெரிய சோம்பேறின்னு சொன்னேன்."

ஃபின்லே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"பூட்டின வீடா இருந்தா அவன் ஒரு வாரத்துல தட்றத நிறுத்தியிருப்பான். ஒம்பது மாசமாத் தட்றான்னா, உள்ள ஆளு இருக்குன்னு அவன் ஒடம்புக்குத் தெரியுது, அவனுக்குத்தான் தெரியல. எனக்கு உள்ள ஆளு இருக்கான்னு தெரியாது, ஆனா தட்டத் தெரியும். இருபது வருஷமா அவன் பக்கத்துல முட்டி போட்டுத் தட்டியிருக்கேன். இது போதும்னா குடுங்க, போதாதுன்னா நான் போயி அடுப்பப் பாக்கறேன், பதினாலு பேரு இருக்காங்கன்னு சொன்னேன்."

"அவங்க?"

"போதகர் ஒண்ணும் பேசல. அதுவே பெரிய விஷயம். டோர்மட் மூக்கச் சிந்தினாரு." கையை விரித்தாள். உள்ளங்கையில் ஈய வில்லை இருந்தது. இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்ததில் அதன் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. "வண்டிய எடு. சூப்பு அடிபிடிச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. சபை சங்கீதம் பாட, பந்திக்காரர்கள் தலைகுனிந்தபடி ஒவ்வொருவராகப் பின்வரிசைகளிலிருந்து நடந்து வந்தார்கள். கிர்ஸ்டி ஃபின்லேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போதகர் ஜெபித்தார். அப்பம் கைமாறி வந்தது. ஃபின்லே தன் துண்டைப் பிட்டு வாயில் வைத்துக் காத்திருந்தான். இப்போதாவது, இவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்த பிறகாவது. பக்கத்து வரிசையில் யாரோ விம்மினார்கள். ஸ்கைக்காரராக இருக்கும். அப்பம் வெறும் அப்பமாகவே தொண்டையில் இறங்கியது.

கிண்ணம் வந்தது. அவன் குடித்தான். அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தாள். கண்ணைத் திறந்தாள். பிறகு ஆர்டவிக் சபையின் சரித்திரத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத ஒன்றைச் செய்தாள். பந்தியில் பேசினாள். உதடு அசையாமல்தான்.

"உனக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. ஒனக்கு?"

"எனக்கும் இல்ல" என்றாள் கிர்ஸ்டி. கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்து, அடுத்து இருந்தவரிடம் கவனமாக நீட்டினாள்.